சூட்சும நினைவு ஏற்றிய சாத்திரியார்

2001ஆம் ஆண்டு ஆடி மாதம் வவுனியாவில் இரண்டு நீண்ட வரிசைகள் நின்றன. ஒன்று ஊரில் நடமாட அனுமதி தரும் பாஸ் எடுக்கும் வரிசை. அங்கே மனிதர்கள் தங்களுக்காக நின்றார்கள். மற்றது குருமன்காட்டுச் சந்தியில் நின்றது. அங்கே மனிதர்கள் தங்கள் கொம்பியூட்டர்களுக்காக நின்றார்கள். முதல் வரிசையில் இருந்த முகங்களில் சலிப்பு. இரண்டாவது வரிசையில் பக்தி.

கனடாவிலும் சுவிசிலும் இருந்த பிள்ளைகள் தாங்கள் பாவித்து அலுத்த லப்டொப்புகளை ஊருக்கு அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. தொண்டு நிறுவனங்களும் ரியூசன் நிலையங்களும் புதிதாக வாங்கத் தொடங்கியிருந்தன. அந்த லப்டொப்புகளைத் துவாயில் சுற்றி, தடுப்பூசி போடக் கொண்டுவந்த குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு சனம் வெயிலில் நின்றது. ஒருவர் முழு மேசைக் கொம்பியூட்டரையும் சைக்கிள் கரியரில் கட்டி வந்திருந்தார். வெயில் படக்கூடாது என்று அதன் திரைக்குக் குடை பிடித்தார். அவருடைய மனைவி வெயிலில் நின்றார்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது.

"ஸ்ரீ மின்பிரசன்ன நிலையம். லப்டொப் வாங்குமுன் ஜாதகம் பார்க்கப்படும். வாங்கியபின் தோஷம் கழிக்கப்படும். நினைவு ஏற்றப்படும். செவ்வாய், வெள்ளி விசேடம். பிரிண்டர் எடுப்பதில்லை."

பிரிண்டரின் தோஷத்தைப் பிரம்மாவாலும் தீர்க்க முடியாது என்பது சாத்திரியாருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு அவர் உண்மையான ஞானிதான்.

அவர் பெயர் தில்லைநாதன். முன்பு கிளிநொச்சியில் இருந்தவர். பெற்றோல் இல்லாத காலத்தில் வன்னி மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டு ஓடின அல்லவா? அப்போது மண்ணெண்ணெய்யைப் பெற்றோலாக்கும் தகடு ஒன்றை டாங்கியில் கட்டிக் கொடுத்தார். கட்டிய பிறகும் புகை வந்தது. "தோஷம் வெளியேறுது" என்றார். புகை நிற்கவேயில்லை. "கனக்கத் தோஷம்" என்றார். பிறகு இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தார். இங்கே பெற்றோல் இருந்தது. தொழில் படுத்துவிட்டது. ஆனால் லப்டொப் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமலும் இருந்தது. ஒரு சாத்திரிக்கு வேறென்ன வேண்டும்?

வருபவர்களுக்கு அவர் முதலில் ஒரு விளக்கம் கொடுப்பார். அது அபாரமான விளக்கம். அதைக் கேட்கவே சிலர் லப்டொப் இல்லாமலும் வந்தார்கள்.

"புறொசெசர் எண்டால் சூரியன். எல்லாரையும் ஆட்டிப்படைக்கிறவன். றாம் எண்டால் சந்திரன். சந்திரன் மனோகாரகன், நினைவு அவன்ர கையில. ஹார்ட் டிஸ்க் சனி. பாரம் சுமக்கிறவன், மெள்ளச் சுத்துறவன். மொடம் புதன், தூது போறவன். திரை சுக்கிரன், அழகு. பற்றறி செவ்வாய், நெருப்பு."

"அப்ப ராகு கேது, ஐயா?" என்று யாராவது கேட்பார்கள்.

சாத்திரியார் கண்ணை மூடிச் சிரிப்பார். "வைரஸ்."

கூட்டம் முழுவதும் "ஆ!" என்று மூச்சை இழுக்கும். நான் அதைக் கேட்டபோது எனக்கே ஒரு கணம் கையைக் கூப்ப வேண்டும்போல இருந்தது. பொய் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது.

இனி நெளுக்குளத்துக்குப் போவோம். அங்கே ஒரு மாதர் சங்கம். தலைவி விமலேஸ்வரி. இளகிய மனம், உரத்த குரல், நெற்றியில் மூன்று கோயில்களின் திருநீறு. செயலாளர் அருந்ததி, நாற்பது வயது. காலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தட்டச்சு வேலை, பின்னேரம் சங்க வேலை. சங்கத்துக்குப் பக்கத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஓடிவந்த வழியில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள். சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் பாஸ் இல்லை. பாஸ் இல்லாமல் முகாம் வாசலைத் தாண்ட முடியாது. அதற்குள் பரீட்சைக்குப் போக முடியாமல் நின்ற பிள்ளைகள் பதினாறு பேர்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள், ஒரேயொரு நாள், எல்லாத் திணைக்களங்களும் நடமாடும் சேவையாக நெளுக்குளம் வருவதாக அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் விண்ணப்பமும் இணைப்புக் கடிதமும் பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுக்கவேண்டும். தவறினால் அடுத்த வருடம். இதைக் கேள்விப்பட்ட ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு சங்கத்துக்கு ஒரு லப்டொப் வாங்கப் பணம் ஒதுக்கியது. கொழும்புக் கடையொன்றிலிருந்து பட்டியல் தொலைநகலில் வந்தது. சாதாரண லப்டொப் ஒன்று. அதன் கீழே விரும்பினால் கூட்டிக்கொள்ளக்கூடிய ஆறு சாமான்கள்: வேகமான புறொசெசர், கூடுதல் றாம், பெரிய ஹார்ட் டிஸ்க், பெரிய திரை, படம் பார்க்கும் டிவிடி தட்டு, இரண்டாவது பற்றறி. ஒதுக்கிய பணத்தில் இரண்டுக்குத்தான் இடமிருந்தது.

எந்த இரண்டு?

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. சாத்திரியாரிட்டக் கேப்பம்" என்றார் விமலேஸ்வரி.

"விளங்காட்டி விளங்கினவையிட்டக் கேப்பம் அக்கா."

"அவருக்கு விளங்காமலோ இவ்வளவு சனம் நிக்குது?"

"அக்கா, நான் ஒப்பீசில ரெண்டு வருசமா லப்டொப்பிலதான் அடிக்கிறன். ஒரு கடிதத்தையும் பெயர்ப் பட்டியலையும் ஒண்டாத் திறந்தால் அது மயங்கி விழும். றாம் காணாது. கறண்ட் போனால் முக்கால் மணித்தியாலத்தில செத்துப்போகும். பற்றறி காணாது. எங்களை வருத்தினது இது ரெண்டுந்தான். வேகம் கூடின புறொசெசர் வாங்கி என்ன செய்யிறது? என்ர விரல் போற வேகத்துக்குத்தானே எழுத்து விழும்? பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் பத்து வருசத்துக்கும் அரைவாசி நிரம்பாது."

"எல்லாம் சரி. ஆனால் சங்கத்தின்ர நட்சத்திரம் உனக்குத் தெரியுமோ?"

அருந்ததி பட்டியலை மடித்து எடுத்தாள். இருவரும் குருமன்காட்டுக்குப் போனார்கள்.

சாத்திரியார் சங்கம் பதிவு செய்யப்பட்ட திகதியைக் கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பட்டியலை மேசையில் விரித்து, கம்பியில் தொங்கிய தேசிக்காயை ஒவ்வொரு வரிக்கு மேலும் பிடித்தார். தேசிக்காய் டிவிடி தட்டுக்கு மேலே வந்ததும் சுழன்றது. பெரிய திரைக்கு மேலே வந்ததும் கூத்தாடியது. பற்றறிக்கு மேலே பிணம்போல நின்றது.

"பிள்ளையள், உங்கட சங்கத்துக்குச் சுக்கிரன் பலவீனம். பெரிய திரையும் டிவிடியும் எடுங்கோ. செவ்வாய் எட்டில நிக்கிறான். ரெண்டாவது பற்றறி எடுத்தால் வெடிக்கும்."

"றாம், ஐயா?" என்றாள் அருந்ததி.

"றாமைக் கடையில காசு குடுத்து வாங்கிறவன் மடையன். லப்டொப் வந்தோடன இஞ்ச கொண்டாங்கோ. உள்ளுக்க ஒரு தகடு வைச்சு நினைவை ரெண்டு மடங்கா ஏத்தித் தாறன். ராமனையே பேரில வைச்சிருக்கிற சாமானுக்கு மந்திரம் ஏறாதோ?"

தகட்டின் விலை கடையில் விற்கும் றாமின் விலையில் முக்கால்வாசி. தெய்வம் சந்தை நிலவரம் அறிந்துதான் விலை வைத்திருந்தது.

வரிசையில் நின்ற ஒருவர் தானாகவே சாட்சி சொல்ல முன்வந்தார். அவர் மயில்வாகனம் மாஸ்டர். ஊரெல்லாம் மதிக்கும் ரியூசன் ஆசிரியர். கற்பிப்பது பௌதிகவியல். ஆம், பௌதிகவியல்.

"நான் சும்மா நம்பிற ஆளில்லை, விமலேஸ்வரி. என்ர லப்டொப் சுவிசில இருந்து தம்பி அனுப்பினது. 128 றாமோட வந்தது. ஐயா தகடு வைச்சு 256 ஆக்கித் தந்தவர். முதல் திறந்து காட்டேக்க அது எழும்ப நாலு நிமிசம். தகடு வைச்சாப் பிறகு ஒண்டரை நிமிசம். நான் மணிக்கூடு பிடிச்சுப் பாத்தனான்!"

"வீட்டில எத்தினை நிமிசம் எடுத்தது மாஸ்டர்?" என்றாள் அருந்ததி.

"எப்ப?"

"இஞ்ச கொண்டுவர முதல்."

மாஸ்டர் யோசித்தார். "வீட்டில பாக்கேல்ல."

"பெடியளுக்குச் செய்முறை படிப்பிக்கேக்க முதல் அளவு எடுக்காமலோ கடைசி அளவு எடுக்கச் சொல்லுறனீங்கள்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பௌதிகவியல் ரியூசன் கொட்டிலோடு சரி. குருமன்காட்டுச் சந்திக்கு அது வருவதில்லை.

"சரி, இப்ப 256 இருக்கெண்டு எங்க தெரியும்? லப்டொப் எழும்பேக்க முதலில ஒரு இலக்கம் ஓடுமே. ஒப்பீசில நான் நெடுகப் பாக்கிறனான்."

"அது பாக்கக் கூடாது. தகடு வைச்ச லப்டொப்பைப் போடேக்க கண்ணை மூடி மூண்டுதரம் நாமம் சொல்லவேணும். ஐயாவின்ர கட்டளை."

அருந்ததி சாத்திரியாரைப் பார்த்தாள். சாத்திரியார் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் அருந்ததி நெளுக்குளம் சந்தியில் சைக்கிளை நிறுத்தினாள். அங்கே வீரையாவின் ரேடியோ திருத்தும் கடை. வீரையா மலையகத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வந்து குடியேறியவர். ரேடியோ, மணிக்கூடு, தண்ணீர் மோட்டார் என்று கழற்றக்கூடிய எதையும் கழற்றுவார். அதைவிட ஆச்சரியம், திரும்பப் பூட்டுவார்.

"அண்ணை, ஒரு மெசினுக்குள்ள இருக்கிற சாமான் வேலை செய்யுதோ இல்லையோ எண்டு எப்பிடி அறியிறது?"

வீரையா பற்களுக்கிடையில் பிடித்திருந்த ஆணியை எடுத்தார். "அதுக்கென்னாங்க பெரிய வித்தை? கழட்டிப் பாக்கணும். கழட்டின பொறகும் மெசின் ஓடுச்சின்னா அது தேவையில்லாத சாமான். அத மட்டும் வச்சுட்டு மத்தத எடுத்துப் பாக்கணும். அப்ப ஓடலேன்னா அது வெறும் சாமான். ரேடியோவுக்கும் அதான், மனுசனுக்கும் அதான்."

அடுத்த நாள் அருந்ததி தனியாகச் சாத்திரியாரிடம் போனாள். குரலில் பணிவு, கையில் வாழைப்பழச் சீப்பு.

"ஐயா, எங்கட சங்கத்தில முப்பது பொம்பிளையள். அவையள் கண்ணால பாத்தால்தான் சம்மதிப்பினம். வாற செவ்வாய் கூட்டியாறன். மாஸ்டரின்ர லப்டொப்பை வைச்சுத் தகட்டின்ர மகிமையை எல்லாருக்கும் ஒருக்காக் காட்டுவீங்களோ?"

முப்பது பெண்கள். முப்பது வீடுகள். வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளை. சாத்திரியாரின் மனதில் புதன் ஓடினான், சுக்கிரன் ஆடினான், குருபகவான் உச்சத்தில் ஏறி அமர்ந்தார்.

"தாராளமாக் கூட்டியாங்கோ பிள்ளை."

செவ்வாய்க்கிழமை முப்பது பேர் என்று சொன்னது முந்நூறாக வந்தது. ஐஸ்பழ வான் வந்தது. கச்சான் விற்பவர் வந்தார். மதிலில் ஏறி நின்றவர்களை இறங்கச் சொன்னவர் தானும் மதிலில் ஏறினார். சாத்திரியார் பட்டு உடுத்தி, ஒலிபெருக்கி வைத்து, மயில்வாகனம் மாஸ்டரின் லப்டொப்பை மேசை நடுவில் மாலையோடு வைத்திருந்தார். மாஸ்டர் மணமகனின் தகப்பனைப்போலப் பக்கத்தில் நின்றார். பின்னால் ஒரு சிவப்புத் திரைச்சீலை. அதற்கு அப்பால் யாரும் போகக்கூடாது. கொண்டுவரும் லப்டொப்புகள் மட்டும் போகும். முதலில் 'திருஷ்டி கழிக்க' ஒருதரம், பிறகு 'தகடு வைக்க' ஒருதரம்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ!" என்றது ஒலிபெருக்கி.

முந்நூறு பேரும் மூடினார்கள். ஐஸ்பழக்காரரும் மூடினார். அந்த நேரம் பார்த்து நாலு ஐஸ்பழம் குறைந்தது.

"மூடாதேங்கோ!" என்றாள் அருந்ததி.

ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் மதில் வரைக்கும் போனது. சனம் ஒரு கண்ணைத் திறந்தது.

"ஐயா, 256 எண்டு திரையில வரேக்க நாங்கள் பாக்காட்டி அது ஆருக்கு வருது? பாத்துக் கும்பிட விடுங்கோ."

"ஓம், பாக்க விடுங்கோ!" என்றது மதில். மதிலில் இருப்பவர்களுக்கு எப்போதும் துணிவு அதிகம்.

சாத்திரியார் மறுப்பதற்கு முன் அருந்ததி பொத்தானை அழுத்திவிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை இலக்கங்கள் கிடுகிடுவென்று ஏறி, ஓரிடத்தில் நின்றன. அவள் ஒரு விசையைத் தட்டி அப்படியே நிறுத்தினாள்.

"மாஸ்டர், வாசியுங்கோ."

"அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு" என்று மாஸ்டர் பெருமையோடு வாசித்தார். கூட்டம் கைதட்டியது. பெரிய இலக்கம் எதுவாக இருந்தாலும் கைதட்டுவது நம் வழக்கம்.

"அதை ஆயிரத்து இருபத்துநாலால பிரிச்சால்தான் றாம் வரும். பிரியுங்கோ மாஸ்டர்."

மாஸ்டர் காற்றில் விரலால் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"அறுபத்துநாலு."

"சுவிசில இருந்து எவ்வளவோட வந்தது?"

"நூற்றி... இருபத்தெட்டு."

"ஐயா எவ்வளவாக்கித் தந்தவர்?"

மாஸ்டர் திரும்பிச் சாத்திரியாரைப் பார்த்தார். மதில் பதில் சொன்னது: "அரைவாசியாக்கித் தந்தவர்!"

சிரிப்பு கிளம்பியது. சாத்திரியார் கையை உயர்த்தினார். அவர் லேசான ஆளில்லை. மண்ணெண்ணெய்ப் புகைக்கே விளக்கம் சொன்னவர்.

"அமைதி! உந்த இலக்கம் தூல நினைவு. கண்ணுக்குத் தெரியிறது. தகடு தாறது சூட்சும நினைவு. அது திரையில வராது. ஆத்மா எக்ஸ்ரேயில வருமோ?"

கூட்டம் தடுமாறியது. "அதுவும் சரிதானே" என்றார் குடை பிடித்தவர். விமலேஸ்வரி அருந்ததியின் கையைப் பிடித்து இழுத்தார். "காணும் பிள்ளை, பாவம் சுமக்காதே."

அப்போது பின்வரிசையிலிருந்து வீரையா எழுந்து வந்தார். கையில் ஸ்குரூ ரைவர்.

"சாமி, நான் படிக்காதவங்க. ஒரே ஒரு சந்தேகம். தூலத்த விட சூட்சுமம் பெரிசுதானுங்களே?"

"அதிலென்ன சந்தேகம்!"

"அப்ப இந்தத் தூலத்தக் கழட்டி வச்சுட்டு, சூட்சுமத்தில ஓட்டிக் காட்டிருவோமுங்க."

மதில் அதிர்ந்தது. "கழட்டுங்கோ! கழட்டுங்கோ!"

"தெய்வ குத்தம்!" என்று சாத்திரியார் கத்தினார். ஆனால் லப்டொப் மாஸ்டருடையது. மாஸ்டர் சிவந்த முகத்தோடு ஒரே சொல்தான் சொன்னார்: "கழட்டுங்கோ."

வீரையா பற்றறியை எடுத்தார். லப்டொப்பைக் கவிழ்த்தார். கீழ் மூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில் பட்டுத்துணியில் சுற்றி ஒட்டிய தகடு இருந்தது. அதை அவர் தொடவில்லை. விரலளவு நீளமான றாம் அட்டையை மட்டும் எடுத்து மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். மூடியைப் பூட்டி, பற்றறியைப் போட்டு, பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பு.

பீப்.

பீப். பீப்.

"பல்லி சொல்லுது! நல்ல சகுனம்!" என்றார் சாத்திரியார். அந்த நிலையிலும் அவருக்கு அது வந்தது. அதற்காகவே அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

முந்நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மதிலில் இருந்த ஒருவர் ஐஸ்பழத்தோடு கீழே விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார். லப்டொப் விடாமல் பீப் பீப் என்றது. விமலேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தகட்டைப் பிய்த்தெடுத்துத் துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு பக்கம் கீறிய சக்கரம். மறுபக்கம் அச்செழுத்து: "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்." பால்மா ரின்னின் மூடி.

"இது சூட்சுமமோ?" என்று அவர் கேட்டார். கேட்ட குரலில் ஒலிபெருக்கி வெட்கப்பட்டது.

வீரையா இன்னும் லப்டொப்புக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், இதில ரெண்டு அட்டை வைக்க எடமிருக்குங்க. ஒண்ணுதானே இருந்துச்சு. மத்த எடத்தில தூசி இல்ல. இப்பதான் எடுத்திருக்காங்க."

மாஸ்டர் பௌதிகவியலுக்குத் திரும்பிவிட்டார். "ஒரு பொருள் இல்லாமல் போகாது. இடந்தான் மாறும்" என்றார். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க, நேராகச் சிவப்புத் திரைச்சீலையை நோக்கி நடந்தார்.

"அது மூலஸ்தானம்! உள்ளுக்குப் போகக்கூடாது!"

மாஸ்டர் போனார். பின்னால் விமலேஸ்வரி போனார். அவருக்குப் பின்னால் சங்கத்துப் பெண்கள் முப்பது பேரும் போனார்கள். மூலஸ்தானத்தில் சாமி படம் ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, திருகாணிகள், பால்மா மூடிகள் ஒரு குவியல், ஒரு நிறைகும்பம். விமலேஸ்வரி கும்பத்தின் தேங்காயைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் இல்லை. பஞ்சுக்கு நடுவே நாற்பத்தொரு றாம் அட்டைகள் அடுக்கி வைத்திருந்தன. கொழும்பு வியாபாரி ஒருவருக்கு அனுப்பத் தயாராக, பொட்டலம் கட்ட நூலும் இருந்தது.

"என்ர மகன் அனுப்பினது!" என்று ஒருத்தி கும்பத்துக்குள் கையை விட்டாள். "என்ரயும்! என்ரயும்!" என்று கைகள் நுழைந்தன. குடை பிடித்தவர் குடையை மடித்து அதன் வளைந்த பிடியால் சாத்திரியாரின் பட்டு வேட்டியைக் கொழுவிப் பிடித்திருந்தார். மனிதர் தப்ப முடியாமல் நின்றார். ஓடினால் வேட்டி நிற்கும், நின்றால் மானம் போகும் என்ற நிலை.

"அடிக்காதேங்கோ" என்று அருந்ததி குறுக்கே நின்றாள். "ஐயா, ஒண்டைச் சொல்லுங்கோ. அரைவாசியைக் களவெடுத்தாப் பிறகும் லப்டொப் கெதியா எழும்பினதெண்டு மாஸ்டர் மணிக்கூடு பிடிச்சுப் பாத்தவர். அது எப்பிடி?"

தில்லைநாதன் (இனி அவரைச் சாத்திரியார் என்று அழைக்க வேண்டியதில்லை) தலையைக் குனிந்தார்.

"முதல்தரம் திருஷ்டி கழிக்க உள்ளுக்குக் கொண்டுபோவன். அப்ப, மெசின் எழும்பேக்க இருபது முப்பது வேலை ஒண்டா எழும்பிறமாதிரிச் செய்துபோடுவன். வெளியில கொண்டுவந்து போட்டுக் காட்டினால் நாலு நிமிசம் எடுக்கும். பேந்து உள்ளுக்குக் கொண்டுபோய் அதையெல்லாம் நிப்பாட்டுவன். ஒரு அட்டையைக் கழட்டுவன். தகட்டை வைப்பன். ஒண்டரை நிமிசத்தில எழும்பும்."

"வீட்டில அது ஒரு நிமிசத்தில எழும்பியிருக்கும்" என்றார் மாஸ்டர் மெதுவாக. ஒருவருக்கும் அல்ல, தனக்கு.

"கொம்பியூட்டர் வித்தை இவ்வளவு தெரிஞ்ச மனுசன், ஒரு திருத்தகம் போட்டு நேர்மையாப் பிழைச்சிருக்கலாமே!" என்றாள் அருந்ததி.

"போட்டனான் பிள்ளை" என்றார் தில்லைநாதன். முதல் தடவையாக அவர் குரலில் உண்மை இருந்தது. "வவுனியாவுக்கு வந்தோடன அதைத்தான் போட்டனான். மூண்டு மாசம் ஒருத்தரும் வரேல்ல. பலகையை மாத்தினன். அடுத்த நாள் வரிசை."

சொன்னவர் திருடர். ஆனால் அவர் சொன்னது கூட்டத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் போய் விழுந்தது. ஐஸ்பழக்காரர் மட்டும் மணியை அடித்தார். அவருக்கு அன்று யார் திருடர் என்பது இன்னும் முடிவாகவில்லை.

மூன்று நாட்கள் தில்லைநாதன் அதே மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் வீரையா காவலிருக்க, ஒவ்வொரு லப்டொப்பிலும் அதனதன் அட்டையைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார். வரிசை முன்னைவிட நீளமாக நின்றது. பொத்தானை அழுத்தும்போது எல்லோரும் கண்ணை அகலத் திறந்து இலக்கத்தைப் பார்த்தார்கள். நாலாம் நாள் பொலிசார் வந்து அவரைக் கூட்டிச் சென்றார்கள்.

விமலேஸ்வரி இரண்டு நாள் சங்கப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு அருந்ததியின் வீட்டுக்கு வந்து, நட்சத்திரம், திகதி எதுவும் கேட்காமல், றாமுக்கு ஒரு புள்ளடியும் இரண்டாவது பற்றறிக்கு ஒரு புள்ளடியும் தானே போட்டார்.

"டிவிடி?" என்று அருந்ததி சிரித்தாள்.

"படம் பாக்க எனக்கு மயில்வாகனம் காணும்."

லப்டொப் ஆவணி நடுவில் வந்தது. இரண்டு கிழமை அருந்ததி பெயர்ப் பட்டியலையும் கடிதத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தாள். அது மயங்கவில்லை. நடமாடும் சேவை நாளன்று காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. அந்த வருடம் மழையில்லை, நாடு முழுவதும் மின்வெட்டு. உத்தியோகத்தர்களின் மின்விசிறி நின்றது, போட்டோப்பிரதி மெசின் நின்றது. நெளுக்குளம் மாதர் சங்கத்தின் மேசை மட்டும் நிற்கவில்லை. முதல் பற்றறி பதினொன்றரைக்கு முடிந்தது. அருந்ததி இரண்டாவதைப் போட்டாள். கடைசி நேரத் திருத்தங்களையும் அவள் அதிலேயே அடித்தாள். வீரையா பழைய லொறி பற்றறி ஒன்றில் மின்சாரம் எடுத்து, சங்கம் இரவல் வாங்கிய பிரிண்டரை ஒருபடியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் இரண்டுதரம் கடதாசி சிக்கியது. அதற்கு மட்டும் யாரும் தகடு கேட்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் விண்ணப்பம் கொடுத்தன. மூன்று மாதத்தில் பதினாறு பிள்ளைகளும் பரீட்சை மண்டபத்துக்குள் போனார்கள். விமலேஸ்வரி வாசல்வரை கூடப் போய், ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசி, "கேள்வியை வடிவா வாசிச்சு எழுதுங்கோ" என்று அனுப்பினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பேனாவை மூடியிருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அருந்ததியின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் கமலேஸ்வரி. குருமன்காட்டில் தன் அட்டையைத் திரும்பப் பெற்றவர்களில் ஒருவர். கையில் வெற்றிலைத் தட்டம். அவருக்குப் பின்னால், கடவுளே, ஆறேழு பேர்.

"தங்கச்சி, மருமகன் ஃபிரிட்ஜ் வாங்கப்போறார். பெரிசு வாங்கிறதோ சின்னன் வாங்கிறதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அவருக்குத் திருவாதிரை. உங்கட வாக்குப் பலிக்குதெண்டு ஊரெல்லாம் கதை."

அருந்ததி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"வீட்டில எத்தினை பேர் அக்கா?"

"மூண்டு பேர்."

"இறைச்சி, மீன் கனக்க வாங்கி அடுக்கிறனீங்களோ?"

"எங்க! அண்டாடம் சந்தைக்குப் போறன். நாங்கள் சைவம் வேற."

"அப்ப எவ்வளவு பெரிசு வேணும்?"

கமலேஸ்வரி வானத்தைப் பார்த்தார். விரல் மடித்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கேள்வி அவரிடமே வந்திருந்தது.

"சின்னன் காணும்போலக் கிடக்கு..." என்று இழுத்தார். இழுத்தவர் திடுக்கிட்டுத் தட்டத்தை மார்போடு அணைத்தார். "ஐயோ தங்கச்சி! எனக்கும் வாக்குப் பலிக்குதே!"

பலிக்கும் அம்மா, பலிக்கும். இரண்டு கேள்வி கேட்டு, ஒரு நிமிடம் யோசித்தால் இந்த நாட்டில் எல்லோருக்கும் பலிக்கும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தானே நாம் நாள் முழுவதும் வெயிலில் வரிசையில் நிற்கிறோம்!